ஒரு பத்தியில் அடங்காத தொழில்

எந்தத் துறைக்குத் தனிக் களஞ்சியம் வேண்டும், எதற்குப் பொதுக் களஞ்சியத்தில் ஒரு கட்டுரை போதும் என்ற பேச்சு வரும்போது ஒரே பதில்தான் கிடைக்கிறது. நிறையப் பேர் வாசிக்கும் துறையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நூல்கள் வந்திருக்க வேண்டும். எழுதத் தெரிந்த ஆர்வலர்கள் கூட்டமாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பலர் கூடித் தனித் திட்டம் தொடங்கலாம், இல்லாவிட்டால் பொதுக் களஞ்சியத்திலேயே ஓர் ஓரம் ஒதுக்கலாம் என்பது அறிவுத் திட்டங்களை நடத்துகிறவர்களிடம் ஊறிப்போன கருத்து. இந்த அளவுகோலின்படி தோல் தொழிலுக்குக் கிடைப்பது ஒரு பத்தி. பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நடக்கிறது, ஏற்றுமதிக்குப் பெயர்பெற்றது, ஆறு மாசுபட்டது. அவ்வளவோடு பத்தி முடிந்துவிடும். இந்த அளவுகோல் தலைகீழாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. ஏற்கெனவே நன்றாக எழுதப்பட்ட துறைக்குப் பொதுக் களஞ்சியமே போதும், ஏனென்றால் அதன் நூல்கள் எப்படியும் இருக்கும். பொதுக் களஞ்சியத்தின் விதிகள் எந்தத் துறையின் சாரத்தை வெளியே தள்ளுகின்றனவோ, அந்தத் துறைக்குத்தான் தனித் திட்டம் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு முதல் உரிமை தோலுக்கு உண்டு.

சாரம் என்று நான் சொல்வது எது என்பதை ஒரு தோலை வைத்தே பார்க்கலாம். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் போட்டு மயிரை நீக்குகிறார்கள். சதையைச் சீவி எடுக்கிறார்கள். சுண்ணாம்பு குடித்து உப்பிய தோலிலிருந்து சுண்ணாம்பை வெளியேற்றி, நொதிகளைக் கொண்டு மென்மையாக்குகிறார்கள். எப்போது போதும் என்று தெரிந்துகொள்ள வேலை தெரிந்தவர் செய்வது ஒன்றுதான்: தோலின் மயிர்ப்பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுப்பார். பள்ளம் உடனே எழும்பி நிரம்பினால் இன்னும் வேலை இருக்கிறது; விரல்தடம் அப்படியே நின்றால் போதும். பிறகு உப்பும் அமிலமும் கலந்த நீர், அதன் பிறகு குரோமியம் உப்பு, ட்ரம் சுழற்சி. நீலமாக வெளிவரும் தோலின் ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கி, வெட்டுவாயில் நீலம் நடுவரை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு சிறு துண்டைக் கொதிநீரில் போட்டு, சுருங்காமல் கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றின் வேதியியல் எந்தப் பாடநூலிலும் உண்டு. ஆனால் வேலூர் வெயிலில் சுண்ணாம்புத் தொட்டி எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது, கத்திரி நாள்களில் எந்த நேரத்தில் தோலை வெளியே எடுக்காவிட்டால் மேல்பக்கம் தளர்ந்துபோகும், மலை ஆட்டின் தோலும் சமவெளி ஆட்டின் தோலும் ஊறுவதில் என்ன வேறுபாடு என்பவையெல்லாம் குளிர்நாட்டில் எழுதப்பட்ட நூல்களில் இருக்க வழியில்லை. அவை இருக்கும் இடம் ட்ரம்மின் அருகில் நிற்கிறவரின் கை.

இந்த அறிவைப் பொதுக் களஞ்சியத்தில் எழுதினால் என்ன நடக்கும்? சான்று கேட்பார்கள். கேட்பது சரிதான், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய பொதுக் களஞ்சியம் அச்சில் வந்த ஆதாரத்தைக் கேட்காவிட்டால் வதந்திக்கும் வாய்ப்பேச்சுக்கும் இடமாகிவிடும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இவ்வளவு காலம் காத்தது அந்த விதிதான். ஆனால் கட்டைவிரல் சோதனையை வேலூர்த் தமிழில் விளக்கும் அச்சு நூல் இல்லை என்றால், விதிப்படி அந்தப் பதிவு நீக்கப்பட வேண்டியதே. வாய்மொழிச் சான்றை ஏற்க முடியுமா என்று விக்கிமீடியா அமைப்பின் ஆதரவோடு 2011இல் ஒரு முயற்சி நடந்தது. அச்சல் பிரபலா முன்னின்ற அந்த முயற்சி மலையாளம், இந்தி, வடக்கு சோத்தோ ஆகிய மொழிகளில் பேட்டிகளைப் பதிவுசெய்து அவற்றையே மேற்கோளாகக் காட்டியது. நல்ல முயற்சிதான், ஆனால் பொது விதியாக ஆகவில்லை. ஆகியிருக்கவும் முடியாது. உலகத்தின் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே விதி வைக்கும் இடத்தில் ஒரு தொழிலுக்கு மட்டும் விதியைத் தளர்த்த இயலாது. தனக்கென ஒரு சான்று விதியை வகுத்துக்கொள்ளும் உரிமை தனித் திட்டத்துக்குத்தான் உண்டு. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் கூடங்களில், வேலை பார்த்த இருவர் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும், அவர்கள் குரல் ஊரும் நாளும் குறித்துப் பதிவாக வேண்டும், தோல் வேதியியல் படித்த ஒருவர் அதைச் சரிபார்க்க வேண்டும் என்று வைத்தால் அது அச்சு நூலைவிட எந்த வகையிலும் தளர்ந்த சான்று அல்ல.

ஒரு தொழிலுக்குத் தனி நூல்வரிசையா என்று வியப்பவர்களுக்கு வரலாறு பதில் சொல்லும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகம் கைத்தொழில்களை ஒவ்வொன்றாக விவரித்து நூல்கள் வெளியிட்டபோது, தோல் பதனிடுவோரின் கலையைப் பற்றி 1764இல் எழுதியவர் லாலாந்து என்ற வானியலாளர். அவர் அத்தோடு நிற்கவில்லை. எழுதப் பயன்படும் வரைதோலுக்குத் தனியாக, எண்ணெயில் பதனிடும் மென்தோலுக்குத் தனியாக, படிகாரத்தில் பதனிடும் வெள்ளைத் தோலுக்குத் தனியாக நூல்கள் எழுதினார். கோள்களைக் கணக்கிட்டவருக்குத் தோல் ஒரே பத்தியில் அடங்கும் பொருளாகத் தோன்றவில்லை. அதே காலத்தில் தீதரோ தொகுத்த பெருங்களஞ்சியம் பட்டறைகளுக்குள் போய்க் கருவிகளையும் கைகளையும் படமாக வரைந்து காட்டியது. நம் பக்கத்திலேயே, நம் காலத்திலேயே, இன்னும் நெருக்கமான முன்மாதிரி உண்டு. தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி 1962இல் வந்தது. அது முழுக்க உழவுக்கு. 1971இல் வந்த இரண்டாம் தொகுதி முழுக்கக் கைத்தறிக்கு. நெசவாளர் எத்தனை பேர் அகராதி வாசிப்பார்கள் என்று கேட்டுவிட்டு அவர் அதைத் தொடங்கவில்லை. தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் என்ன பெயர் என்று ஊர் ஊராகப் போய்த் திரட்டினார்கள். அந்தத் தறிகளில் பல இன்று இல்லாமல் போயிருக்கலாம், சொற்கள் இருக்கின்றன.

தமிழிலும் பிரித்து எழுதும் மரபு உண்டு. பெரியசாமித் தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதோடு கழகம் அமைதியடையவில்லை. குழந்தைகளுக்கென்று தனியாக இன்னொரு பத்துத் தொகுதி கொண்டுவந்தது. வாசகர் வேறு என்றால் களஞ்சியமும் வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அறிவியலுக்கு ஒன்று, வாழ்வியலுக்கு ஒன்று என்று பிரித்தது. கரிசல் வட்டாரச் சொற்களுக்குக் கி. ராஜநாராயணன் தனி அகராதி செய்தார். கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகன் செய்தார். இந்த வரிசையில் தோல் தொழிலுக்கு இடம் கிடைக்கவில்லை. தமிழில் ஒரு தோல் ஷாப்பின் உள்ளே நடப்பது விரிவாக எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர் கடைசியில் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலில் வந்து நிற்பார். 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலின் களம் திண்டுக்கல். ஒரு தொழிலின் செய்முறையைத் தெரிந்துகொள்ள ஒரு மொழியில் நாவலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது என்றால், அது அந்த நாவலாசிரியருக்குப் பெருமை. அறிவுத் திட்டங்களை நடத்துகிறவர்களுக்குக் குறை.

இதற்கு முதலில் எழும் மறுப்பு, தோலைப் பற்றிய அறிவு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்பது. ஆல்பிரட் சாட்டர்டன் 1904இலேயே சென்னை மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றித் தனி ஆய்வறிக்கை எழுதினார். குரோமியத்தில் பதனிடும் முறையை இங்கே கொண்டுவந்ததிலும் அவர் பங்கு பெரிது. சென்னை அடையாற்றில் 1948இல் அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உலகம் மதிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. நாயுடம்மா அதன் இயக்குநராக இருந்த காலத்தில் ஆய்வுக்கூடத்துக்கும் ஷாப்புக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறைக்கப் பாடுபட்டார். எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டியவை. ஆனால் அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதைவிட முக்கியமாக, அவை எழுதப்பட்டது உற்பத்தியாளருக்கும் வேதியியலாளருக்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடிக்கும் பழைய முறை சாட்டர்டனின் அறிக்கையில் இருக்கிறது. பட்டையை இடித்தவர்கள் அந்தக் குழிகளை என்ன சொல்லி அழைத்தார்கள், ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தோலை மாற்றும் வரிசையை எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பவை அதில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த முறையில் ஆன தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. குறியீடு பெயரைக் காக்கும். செய்முறையைக் காக்கும் வேலை அதனுடையது அல்ல. மேலும் 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடையும், பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடும் வந்தபோது, இந்த வட்டாரம் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் பிறகு ஷூவுக்கும் மாறியது. பட்டையிலிருந்து குரோமுக்கும், தோலிலிருந்து ஷூவின் மேற்பாகத் தையலுக்கும் ஒரு தலைமுறைக்குள் கைமாறிய திறமைகளின் கதை ஏற்றுமதிப் புள்ளிவிவரங்களில் தொகையாக இருக்கிறது, வேலையாக இல்லை.

அடுத்த மறுப்பு ஆள் பற்றாக்குறை. தமிழில் தன்னார்வமாக எழுதுகிறவர்கள் குறைவு, அவர்களையும் பல திட்டங்களாகச் சிதறடித்தால் எதுவும் உருப்படாது என்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் தனித் திட்டம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குரோமியத்தின் வேதியியலுக்குத் தனித் திட்டம் தேவையில்லை; அது எல்லா நாட்டிலும் ஒன்றுதான், பொதுக் களஞ்சியம் அதை நன்றாகவே சொல்லும். ஆம்பூர் பிரியாணிக்கு நல்ல கட்டுரை ஒன்று போதும். சி. அப்துல் ஹக்கீம் போன்ற தோல் வணிகர்களின் வாழ்க்கையும், 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியின் வரலாறும் பொதுக் களஞ்சியத்தில் தாராளமாக இடம்பெறத் தக்கவை. அவற்றுக்கு அச்சுச் சான்று உண்டு. ஆனால் சிதறடித்தல் என்ற வாதம் ஒன்றை மறந்துவிடுகிறது. தோலைப் பற்றி எழுதப்போகிறவர்கள் விக்கிப்பீடியாவில் இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்கள் அல்லர். அவர்கள் ஷாப்பில் தரம் பிரிப்பவர், ஓய்வுபெற்ற சூப்பர்வைசர், தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர், ஷூவின் மேற்பாகத்தை வீட்டில் தைக்கும் பெண். அவர்களைப் பொதுக் களஞ்சியத்துக்கு அழைத்தால் முதல் பதிவிலேயே சான்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம். தனித் திட்டம் இருக்கும் கைகளைப் பிரிப்பதில்லை, இதுவரை வராத கைகளைக் கூட்டி வருகிறது. வாசகர் எண்ணிக்கை பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. ஸ்டார் ட்ரெக் என்ற தொலைக்காட்சித் தொடரின் கற்பனைக் கப்பல்களுக்கும் பாத்திரங்களுக்கும் 2003 முதல் ரசிகர்கள் கூடி எழுதும் தனிக் களஞ்சியம் உண்டு, பல்லாயிரம் கட்டுரைகளோடு. அவர்கள் செய்தது தவறு என்று சொல்லமாட்டேன். அன்பும் உழைப்பும் போட்டு உருவாக்கியிருக்கிறார்கள். ஆனால் இல்லாத கப்பலின் இயந்திர அறைக்கு அத்தனை கட்டுரை தகும் என்று ஒப்புக்கொண்ட உலகம், ராணிப்பேட்டையில் இருக்கும் ட்ரம்முக்கு ஒரு கட்டுரை மிகை என்று சொல்ல நியாயம் இல்லை.

தொழில் ரகசியம் என்ற மறுப்பை நீட்டிப் பேசத் தேவையில்லை. எந்த வாடிக்கையாளருக்கு என்ன நிறம், என்ன விகிதம் என்பது நிறுவனத்தின் ரகசியம். அதை யாரும் கேட்கப்போவதில்லை. சதையைச் சீவும்போது கத்தி எந்தச் சாய்வில் போக வேண்டும் என்பது யாருடைய ரகசியமும் அல்ல, ஆயிரம் பேருக்குத் தெரிந்த வேலை.

இவை எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதற்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். தோல் வேலை சாதியோடு பிணைக்கப்பட்ட வேலை. அதைச் செய்த மக்களை ஊரின் ஓரத்தில் வைத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் படித்து அந்த வேலையிலிருந்து வெளியேறுவதே விடுதலை என்றிருக்கும்போது, அந்த வேலையைக் கலை என்றும் பாரம்பரியம் என்றும் பதிவுசெய்வது அவர்களை மறுபடியும் அதே குழியில் இறக்குவது ஆகாதா என்று கேட்கிறார்கள். அதோடு சேர்த்து, பாலாற்றைக் கெடுத்த தொழிலுக்கு நினைவுச் சின்னமா என்றும் கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளிலும் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் அவை தனித் திட்டத்துக்கு எதிரான வாதங்கள் என்பதை நான் ஏற்கவில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான நிபந்தனைகளாகவே அவற்றை எடுத்துக்கொள்கிறேன். தோல் தொழில் பொது அறிவுக்குள் ஒரு பத்தியாக நின்றுபோனதற்கே சாதி ஒரு காரணம். கோயில் கட்டடக் கலைக்கும் இசைக்கும் நூல் எழுதிய சமூகம், தோலைத் தொட்டவரின் அறிவை அறிவு என்றே எண்ணவில்லை. அதே காரணத்தைச் சொல்லி இன்றைக்கும் எழுதாமல் விட்டால் அந்தப் பழைய புறக்கணிப்பு தொடரும், அவ்வளவுதான். ஒரு வேலையை விட்டு வெளியேற விரும்புகிறவருக்கும், அந்த வேலையில் தன் பாட்டன் அறிந்திருந்தது என்ன, அதற்காகப் பெற்ற கூலி என்ன, வந்த நோய் என்ன என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

ஆற்றைப் பற்றிய கேள்வி தனித் திட்டத்தின் தேவையை இன்னும் உறுதியாக்குகிறது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியது அந்தத் தீர்ப்பால். தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட ஷாப்புகள், குரோம் முறையில் சுமார் 170 வகை இரசாயனங்கள், பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போன சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் என்று அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பின்னர் அமைந்த ஆணையம் 2001இல் 547 தொழிற்கூடங்கள் 29,193 பேருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் ஈடு தர வேண்டும் என்று கணக்கிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே ஆற்றைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. சட்டக் கல்லூரி மாணவர் எல்லோருக்கும் இந்த வழக்கின் பெயர் தெரியும். ஆனால் எந்த ஊரில் எந்தக் கிணறு எந்த ஆண்டு உப்பாக மாறியது, அதற்கு முன் அதில் என்ன விளைந்தது, கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தபின் தண்ணீர் எப்படி மாறியது, நீரைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சும் உப்பு மலையாகக் குவிந்து எங்கே கிடக்கிறது என்பவற்றை ஓரிடத்தில் பார்க்க முடியாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு எத்தனை மழைக்காலங்களில் எந்தத் திசைக்கு வழிந்தது என்பதும் அந்தப் பக்கத்து மக்களின் நினைவில் மட்டுமே முழுமையாக இருக்கிறது. தோலின் செய்முறையையும் ஆற்றின் சேதத்தையும் பொதுக் களஞ்சியம் இரண்டு தனிக் கட்டுரைகளாகப் பிரித்து வைக்கும். ஒன்று தொழில்நுட்பப் பகுதியில், மற்றது சுற்றுச்சூழல் பகுதியில். பாலாற்றங்கரையில் அவை ஒரே தொட்டியிலிருந்து வந்தவை. சுண்ணாம்புத் தொட்டியில் எவ்வளவு சல்ஃபைடு போட்டார்கள் என்பதும் கிணற்று நீர் எப்படி நாறியது என்பதும் ஒரே பதிவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி வைக்கும் திட்டம் இந்தத் தொழிலுக்கு விளம்பரமாக முடியாது, பழிப்பாகவும் முடியாது.

இப்படி ஒரு திட்டத்துக்கு மூன்று மாவட்டங்களாகப் பிரிந்த இந்த வட்டாரம் சிறியதும் அல்ல, பெரியதும் அல்ல. பேசிப் பழகிக்கொள்ளக்கூடிய அளவு. தமிழும் உருதுவும் ஒரே ஷாப்பில் புழங்கும் ஊர்கள் என்பதால் சொற்களை இரண்டு மொழிகளிலும் குறிக்க வேண்டும். ஒரே கருவிக்கு ஆம்பூரில் ஒரு பெயர், விஷாரத்தில் ஒரு பெயர் என்றால் இரண்டையும் குறிக்க வேண்டும். ஈழத்தமிழ் நூல்களைத் திரட்ட 2005இல் சில தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பார்த்தவர்கள் தொடக்கத்தின் அளவைக் கண்டு தயங்கமாட்டார்கள்.

முதல் பதிவாக எதை எழுதுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது. கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி மூச்சடைத்து இறப்பது இந்த வட்டாரத்தில் ஒருமுறை நடந்து முடிந்த செய்தி அல்ல. மயிர் நீக்கும் நீரில் இருக்கும் சல்ஃபைடு, அமிலம் கலந்த நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கக் கூடாது. இறங்கியவர் விழுந்துவிட்டால், காப்பாற்ற நினைத்து மூச்சுக்கருவி இல்லாமல் பின்னால் குதிக்கக் கூடாது, குதிப்பவரும் விழுவார். ஆங்கிலப் பாதுகாப்புக் கையேடுகளில் இது இருக்கிறது. குழியில் இறங்கச் சொல்லப்படுகிறவருக்குப் புரியும் தமிழில், அவர் ஷாப்பில் அந்தக் குழிக்கு என்ன பெயரோ அந்தப் பெயரில் இதை எழுத வேண்டும். வேலைக்கு வந்திருக்கும் வட மாநிலத்தவருக்காக அவர்கள் மொழியிலும் எழுத வேண்டும், வாசிக்காதவருக்காகக் குரலிலும் பதிய வேண்டும்.